மலைப்பள்ளி வகுப்பறையில் சின்னப் பிள்ளைகளின் ஒரு நாள்: கேள்வி-பதில்

ஒன்பதரைக்கே பாட்டும் கதையும் ஆரம்பித்துவிடுகிறேன். எஸ்டேட் பக்கம் இருந்து வரும் பஸ் பத்து மணிக்குத்தான் வருகிறது. பாதிப் பிள்ளைகளுக்குக் கதை கிடைப்பதில்லை. (எல்.கே.ஜி. ஆசிரியை, கோத்தகிரி)

பஸ் நேரத்தை உங்களால் மாற்ற முடியாது, கதை நேரத்தை மாற்றலாம். முதல் அரைமணியில் கட்டைகள், களிமண், படப் புத்தகம் என்று எடுத்து வையுங்கள். யார் எப்போது வந்தாலும் அதில் சேர்ந்துகொள்ளலாம். கடைசிப் பிள்ளையும் வந்த பிறகு வட்டமாக உட்காருங்கள். நாலு வயதுக்கு அது பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். அதற்கு மேல் இழுத்தால் பக்கத்துப் பிள்ளையின் குல்லாவைப் பிடுங்கத்தான் செய்வார்கள். அதைக் குறும்பு என்று திட்டுவது நியாயமில்லை.

இன்னொன்று. ரெயின்கோட், ஷூ கழற்ற, ஸ்வெட்டர் ஜிப் போட என்று அட்டவணையில் நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா? நான் பார்க்கும் அட்டவணைகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. மலையில் அதற்கே நாளில் கணிசமான நேரம் போகிறது. ஆயா அவசரமாகப் போட்டுவிடுவதைவிட, பிள்ளையே ஜிப்போடு மல்லுக்கட்டட்டும். பென்சில் பிடிக்கப்போகிற விரல்களுக்கு அதுவும் பயிற்சிதான்.

டிசம்பர், ஜனவரியில் காலையில் மைதானமெல்லாம் உறைபனி. வெளி விளையாட்டை நிறுத்திவிடலாமா? (உதகை)

வேண்டாம். வெயில் ஏறியதும், பதினொரு மணிவாக்கில் விடுங்கள். 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பள்ளியின் பங்கு பெரியது. மழை நாளில் பெஞ்சை ஓரங்கட்டிவிட்டு ஆடவிடுங்கள், டிவி போடாதீர்கள். குளிரில் அடிக்கடி ஒன்றுக்கு வரும். குறித்த நேரத்தில்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

பணியர் பழங்குடிப் பிள்ளைகளும், ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "அடுத்து சாப்பாடு" என்றால் புரியாமல் அழுகிறார்கள். (அங்கன்வாடி பணியாளர், கூடலூர்)

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் அந்த அழுகைக்குப் பெரிய காரணம். அவர்கள் விளையாடுவது, கை கழுவுவது, சாப்பிடுவது, வீட்டுக்குக் கிளம்புவது என்று படம் வரைந்து, பிள்ளைகளின் கண் உயரத்தில் வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு பிள்ளை வந்து துணி கிளிப்பை அடுத்த படத்துக்கு மாற்றட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே பாட்டு, தினமும் அதே பாட்டு. உங்களுக்குச் சலித்துப்போகும், பிள்ளைகளுக்குச் சலிக்காது. படவரிசையை அடிக்கடி மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் காலையிலேயே படத்தை இடம் மாற்றிக் காட்டிவிடுங்கள்.

சாப்பிட்டதும் சிலர் தூங்க மறுக்கிறார்கள். (கொடைக்கானல்)

3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம் போதும். இரவிலேயே நன்றாகத் தூங்கியவனுக்குப் பகலில் வராது. பாயில் படுத்தபடி படம் பார்க்கட்டும். பாய்க்கு அடியில் ஜமுக்காளம் விரியுங்கள், தரை சில்லென்று இருக்கும்.

நிமிஷக் கணக்கில் அட்டவணை எழுதி ஒட்டச் சொல்கிறார் தலைமை ஆசிரியர். (குன்னூர்)

சாப்பாடு, பஸ் இரண்டுக்கும் மணியைக் குறியுங்கள். மற்றதற்கு வரிசை மட்டும் போதும், ஓடியாடும் வேலைக்குப் பிறகு உட்காரும் வேலை என்று மாறி மாறி வருகிற மாதிரி. அவர் விடவில்லை என்றால், ஒருநாள் காலை முழுக்க வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள்.