பலகையில் நடு எங்கே? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வீட்டு மரவேலையைத் தாங்களே செய்து பார்ப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பெரும்பாலும் நடுப் பிடிப்பது பற்றித்தான். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன்: கணக்குப் போட்டுப் பாதியாக்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அளந்து, வகுத்து, மறுபடி அளந்து குறிப்பதற்குள் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பிசகும். கருவியை வைத்தே பாதியைப் பிடித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

சாமி மேடைக்குத் தட்டு அடிக்கிறேன். பலகையின் அகலம் 5 7/8 அங்குலம். இதில் பாதி எவ்வளவு?

2 15/16 அங்குலம். ஆனால் அது உங்களுக்குத் தேவையே இல்லை. ரூலரைப் பலகைக்குக் குறுக்கே வைத்து, 0 ஒரு விளிம்பில் உட்காரும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மறுமுனையை மெல்லச் சாய்த்தால் 6 எதிர் விளிம்பைத் தொடும். 3-க்கு நேரே ஒரு புள்ளி வையுங்கள், அதுதான் நடு. 14.7 செ.மீ. பலகை என்றால் 16 வரை சாய்த்து 8-இல் குறியுங்கள். ரூலர் எவ்வளவு சாய்ந்தாலும் அதன் பாதி பலகையின் பாதியில்தான் விழும். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தான் இது. மூன்று சம பங்கு வேண்டுமா? 9 வரை சாய்த்து 3, 6 இரண்டிலும் குறியுங்கள். பலகையின் இரண்டு கோடியிலும் இதே மாதிரி புள்ளி வைத்து இணைத்தால் நடுக்கோடு வந்துவிடும்.

நீளத்துக்கும் அகலத்துக்கும் சேர்த்து ஒரே நடுப்புள்ளி வேண்டுமானால் மூலைக்கு மூலை இரண்டு கோடு போடுங்கள். வெட்டிக்கொள்ளும் இடம் நடு. அந்த இரண்டு கோடும் ஒரே நீளமாக இல்லையென்றால் பலகை மூலைமட்டத்துக்கு இல்லை. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

கதவுச் சட்டத்தில் கழுந்து (துளைக்குள் செருகும் மரமுனை) இறங்கத் துளை போடுகிறேன். தடிப்புக்கு நடுவே குறித்தாலும் துளை ஒரு பக்கம் தள்ளிப் போகிறது.

மார்க்கிங் கேஜை எடுங்கள்; விளிம்புக்கு இணையாக முள்ளால் கோடு கீறும் கருவி அது. ஏறக்குறையப் பாதி அளவுக்கு வைத்து, சட்டத்தின் ஒரு முகத்திலிருந்து சின்னதாக ஒரு கீறல். கேஜை எதிர் முகத்துக்கு மாற்றி இன்னொரு கீறல். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் முடிந்தது. பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் நடு அவற்றுக்கு இடையே இருக்கிறது. அந்த இடைவெளி உங்கள் பிசகைப் போல இரண்டு மடங்கு. அதனால் முள்ளை இடைவெளியில் பாதிதான் நகர்த்த வேண்டும், முழுதும் நகர்த்தினால் தாண்டிவிடும். 40 மி.மீ. தடிப்பைக் கண்ணால் பாதியாக்க முடியாது, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை யாராலும் பாதியாக்க முடியும்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. எல்லாத் துண்டுகளிலும் முன்பக்கம் எது என்று அடையாளம் போடுங்கள். துளையோ கழுந்தோ, எதைக் குறித்தாலும் கேஜ் அந்த முன்பக்கத்தையே ஒட்டி நிற்கட்டும். அப்புறம் துளை நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் கழுந்தும் அதே அளவு விலகியிருக்கும், சேர்த்தால் முகம் சமமாக வரும். ஒரு துண்டுக்கு முன்பக்கமும் அடுத்ததற்குப் பின்பக்கமும் பார்த்துக் குறித்தவர்களுக்குத்தான் இழைப்புளி வேலை கூடும். உங்கள் சட்டத்திலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தைப்பூசத்துக்குக் காவடி செய்கிறோம். தண்டின் சரிபாதியில்தான் வளைவைப் பொருத்தினோம். தூக்கினால் இடதுபக்கம் இறங்குகிறது.

டேப் காட்டும் நடு வேறு, பாரத்தின் நடு வேறு. ஒரே மரத்திலேயே ஒரு கோடி கனமாகவும் மறுகோடி லேசாகவும் இருக்கும்; கணு இருந்தால் சொல்லவே வேண்டாம். தண்டை ஓர் உருண்டைக் குழாயின் மேல் குறுக்கே கிடத்தி முன்னும் பின்னும் மெல்ல உருட்டுங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் மட்டமாக நிற்கும் இடத்தில் குறியுங்கள். வளைவு அந்தக் குறியின்மேல் நிற்க வேண்டும்.

அத்தோடு விடாதீர்கள். மயில் இறகு, மணி, பால் செம்பு எல்லாம் கட்டிய பிறகு காவடியை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுப் பாருங்கள். செம்பில் பாலுக்குப் பதில் அதே அளவு தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். சாய்ந்தால் தண்டை மறுபடி அறுக்க வேண்டாம், தொங்கும் பொருளை ஒரு விரற்கடை நகர்த்தினாலே போதும். ஈப்போ குனோங் சீரோ கோயில் வரை நடக்கிறவர் தோளில் ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறினால் வழியெல்லாம் வேதனை. பக்தியோடு சுமப்பவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி இது.

மகனுக்குப் பள்ளியில் ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்தில் சின்னப் பெட்டி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சுலபமான வழி?

காகிதத்தைப் பலகையின் அகலத்துக்கு வெட்டி இரண்டாக மடிக்கச் சொல்லுங்கள். மடிப்புதான் நடு. பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் ஒரு கட்டையில் இரண்டு ஆணி அடித்து, அவற்றுக்குச் சரிபாதியில் பென்சில் நுழைய ஓட்டை போட்டுக் கொடுங்கள். இரண்டு ஆணியும் இரண்டு விளிம்பைத் தொடும்வரை கட்டையைத் திருப்பி, அப்படியே இழுத்தால் நடுக்கோடு தானாக விழும். கட்டையை முன்பின்னாகத் திருப்பி இன்னொரு தடவை இழுங்கள். கோடு இரண்டாகத் தெரிந்தால் ஓட்டை நடுவில் இல்லை.

வட்ட மேசைப் பலகைக்கு நடு?

செங்கோண மூலையுள்ள எதையாவது எடுங்கள். மூலைமட்டம் எட்டாவிட்டால் பிளைவுட் தகட்டின் வெட்டாத மூலை போதும். அந்த மூலை வட்ட விளிம்பைத் தொடட்டும். அதன் இரு பக்கங்களும் விளிம்பை வெட்டும் இரண்டு இடங்களையும் இணைத்தால் அது விட்டம். வேறோர் இடத்தில் வைத்து இன்னொரு விட்டம். இரண்டும் வெட்டும் இடம் நடு.

தூங்குமூஞ்சி மரப் பலகை, இரண்டு ஓரமும் கோணல். ரூலரைச் சாய்த்தால் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு நடு வருகிறது.

வரத்தான் செய்யும். ஓரங்கள் இணையாக இருந்தால்தான் அந்தக் கோடு நேராக வரும். இதற்கு நீங்களே ஒரு நேர்கோட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுண்ணாம்பு நூலை இழுத்துப் பிடித்து, தள்ளி நின்று பாருங்கள். மரத்தின் ஓட்டத்தோடு ஒத்துப்போகும் இடத்தில் நூலைத் தெறித்து, கால்களுக்கான அளவையெல்லாம் அந்தக் கோட்டிலிருந்தே எடுங்கள்.

புது டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறது. மாற்றிக் கேட்கலாமா?

வேண்டாம், அது ஆடத்தான் வேண்டும். கொக்கியின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு ஆடும். வெளி விளிம்பில் மாட்டி இழுத்தாலும், உள்பக்கச் சுவரில் முட்டி அளந்தாலும் அளவு சரியாக வருவதற்காக அப்படிச் செய்கிறார்கள். சுத்தியால் தட்டி இறுக்கிவிடாதீர்கள். வளைந்துவிட்ட பழைய டேப் என்றால் நுனியை விட்டுவிட்டு 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து, கடைசியில் 10-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.