அக்காவின் ஐந்தரைக் கட்டைக்கு எந்தக் கோர்ட்?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். வேலை முடிந்து வந்து இரவில் கிட்டார் பழகுகிறேன். வீடியோ பார்த்து சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று நான்கு கோர்ட் பிடிக்கப் பழகிவிட்டேன்; எஃப் மட்டும் இன்னும் தகரம் தட்டுகிற மாதிரித்தான் கேட்கிறது. கர்நாடக சங்கீதம் படித்த அக்கா ஐந்தரைக் கட்டையில் பாடத் தொடங்கினால் என்னுடைய கோர்ட் ஒன்றும் ஒத்துவருவதில்லை. தியரி படித்தால்தான் சரிவருமா?

பதில்: உங்களுக்கு வேண்டிய தியரியில் பாதி அக்காவிடமே இருக்கிறது. கோர்ட் என்றதும் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஓடவேண்டாம். ஒரே நேரத்தில் ஒலிக்கும் சில சுரங்கள், அவ்வளவுதான்.

சி கோர்ட்டைப் பிடித்து, ஐந்தாம் தந்தி தொடங்கி முதல் தந்தி வரை ஒவ்வொன்றாய் மீட்டுங்கள். சி, ஈ, ஜி, சி, ஈ. சியைச் சட்ஜமாக, அதாவது 'ச'வாக, வைத்துக் கேட்டால் அக்கா அதையே "ச க ப ச க" என்பார். தந்தி ஐந்து, சுரம் மூன்றே மூன்று. சங்கராபரண ராகத்தில் ரியையும் மவையும் தாண்டிவிட்டு ச, க, ப என்று பொறுக்கினால் மேஜர் கோர்ட். மேஜர் ஸ்கேல் என்று சொல்வதும் 29ஆவது மேளகர்த்தா ராகமான இந்தச் சங்கராபரணத்தின் அதே சுரங்கள்தான், கமகம் (சுரத்தின் அசைவு) இல்லாமல்.

கிட்டாரில் 12 ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கம்பிகள்) ஏறினால் மேல் சட்ஜம். சவிலிருந்து கவுக்கு 4 ஃப்ரெட், கவிலிருந்து பவுக்கு 3. இந்த கவை, அதாவது அந்தர காந்தாரத்தை, ஒரு ஃப்ரெட் இறக்கி சாதாரண காந்தாரம் ஆக்கினால் கணக்கு 3, 4 என்று புரளும், அதுதான் மைனர். ஈ மேஜரைப் பிடித்து மீட்டிவிட்டு, மூன்றாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டிலிருந்து விரலை எடுத்து மறுபடி மீட்டுங்கள். ஒரு விரல்தான் நகர்ந்தது, ஆனால் முகமே வாடிப்போகும்.

இப்படியே ஒவ்வொரு சுரத்திலிருந்தும் ஒன்றுவிட்டு ஒன்று பொறுக்கினால் ச, ம, ப மேல் மேஜர் வரும். ரி, க, த மேல் மைனர். நி மேல் வருவது டிமினிஷ்ட், அதை இப்போதைக்கு விடுங்கள். உங்களுடைய நான்கும் ச, ப, த, ம. ஒரே வீட்டுப் பிள்ளைகள், அதனால்தான் ஒன்றோடொன்று இசைகின்றன. இதில் ச, ம, ப மூன்றை வைத்துக்கொண்டே எத்தனையோ பைலாப் பாட்டுக்கு ஆறு-எட்டுத் தாளத்தில் கை போடலாம். கோர்ட் மாற்றப் பழக அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

இனி அக்கா. கட்டை என்பது பாடுகிறவர் சட்ஜத்தை வைக்கும் சுருதி. ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை ஜி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். நீங்கள் சியில் நிற்க, அவர் எட்டு ஃப்ரெட் தள்ளி நிற்கிறார். கேப்போவை (எல்லாத் தந்தியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) எட்டாவது ஃப்ரெட்டில் மாட்டினால் கணக்கு சரிதான், ஆனால் விரலுக்கு இடமிருக்காது, சத்தமும் விளையாட்டுச் சாமான் மாதிரி ஆகிவிடும். குடும்பத்தை மாற்றுவதே புத்தி. ஜியைச் சட்ஜமாக்குங்கள்: ம என்றால் சி, ப என்றால் டி, த என்றால் ஈ மைனர். புதிதாய்ப் பழக வேண்டியவை இரண்டு, இரண்டும் சுலபம். கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டினால் அக்காவின் ஐந்தரை வந்துவிடும். சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று வாசித்த இடத்தில் ஜி, டி, ஈ மைனர், சி வாசியுங்கள். தகர எஃப் தேவையே இல்லை! (பழகுவதைக் கைவிடாதீர்கள், தினமும் ஐந்து நிமிடம் போதும்.) கேப்போ மாட்டியதும் சுருதியை ஒருமுறை சரிபாருங்கள், அழுத்தத்தில் தந்தி கொஞ்சம் ஏறிவிடும்.

அக்கா நடபைரவி ராகச் சாயலில் சோகப் பாட்டு எடுத்தால் ஈ மைனரைச் சட்ஜமாக்கி, கேப்போவை நான்காவது ஃப்ரெட்டுக்கு நகர்த்துங்கள். துணைக்கு ஏ மைனர், சி, டி, ஜி.

அக்கா தோடி ராகம் பாடத் தொடங்கினால் மட்டும் கோர்ட்டோடு நுழையாதீர்கள். அந்தக் காந்தாரம் எந்த ஃப்ரெட்டிலும் நிற்காது. கேப்போ முதல் ஃப்ரெட்டில் இருக்க, மூன்றாம் தந்தியையும் நான்காம் தந்தியையும் விரல் வைக்காமல் மெதுவாய் மீட்டுங்கள். சவும் பவும் கிடைக்கும், சுருதிப்பெட்டி வேலை முடிந்தது.