மட்டக்களப்பில் முன்பள்ளி ஆசிரியை ஆக என்ன படிக்க வேண்டும்? லைசன்ஸ் ஏதும் எடுக்க வேண்டுமா?

உயர்தரம் எழுதி, கெம்பசுக்கு வெட்டுப்புள்ளி காணாமல், "சும்மா இருக்கிற நேரத்துக்கு ஒரு நேசரியில போய் நில்லு மகள்" என்று வீட்டில் சொல்லத் தொடங்கிய நேரத்தில்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேறு காரணம் என்றால் குறை நினைக்க வேண்டாம். சும்மா இருக்கிறவர்கள் போகிற வேலை என்ற கதையைக் கேட்டுக் காது புளித்துப்போனவள் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் லைசன்ஸ். சில வெளிநாடுகளில் மாதிரி ஆசிரியர் கையில் தனியாக ஒரு லைசன்ஸ் இங்கே இல்லை. பள்ளியைத்தான் முதலில் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதியும்போது அங்கே படிப்பிக்கிறவரின் தகைமையைக் கேட்பார்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வது மாகாணத்தின் பொறுப்பு. எனவே நம் பக்கத்தில் கிழக்கு மாகாணத்தின் முன்பள்ளிக் கல்விப் பணியகம் ஒரு பக்கம், பிரதேச செயலகத்தில் இருக்கும் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் மறுபக்கம். இரண்டு பேருக்கும் படிவம் நிரப்பிப் பழகிக்கொள்ளுங்கள்.

தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள கல்விக் கல்லூரிகளோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே முடித்து வருகிறவர்கள் அரச பாடசாலைகளுக்கு, இலங்கை ஆசிரியர் சேவைக்குள் போகிறார்கள். நாம் அந்தச் சேவையில் இல்லை. பிள்ளைகள் கட்டும் மாதக் காசும், அரசாங்கம் தரும் சின்னக் கொடுப்பனவும்தான். அதைச் சம்பளம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

படிப்புக்கு இரண்டு வழி சொல்வேன். திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் பாடநெறி தமிழிலேயே இருக்கிறது, மட்டக்களப்பில் அவர்களுடைய நிலையமும் உண்டு. மற்றது என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையின் நாலாம் மட்டம். ஏற்கெனவே வேலை செய்கிறவர்கள் முழுக் கோர்ஸும் படிக்காமல், அனுபவத்தைக் கோவையாகக் கட்டிக் கொடுத்து, மதிப்பீட்டுக்கு முகம் கொடுத்தே அதை எடுக்கலாம். காசு கட்டினால் சில கிழமையில் டிப்ளோமா தருகிற இடங்களும் போஸ்டர் ஒட்டுகின்றன. பணம் கட்ட முதல், அந்தச் சான்றிதழைப் பதிவுக்கு ஏற்பார்களா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

"மூணு வயசுப் பிள்ளையைப் பார்க்கிறதுக்கும் படிப்பா?" என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். அவருக்காக இதைச் சொல்கிறேன்.

குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி மண்டூர்ப் பக்கம் போய்ப் படிப்பித்த காலம் அது. பாடநெறிக்காக நான் படிப்பிக்கும் விதத்தைப் பார்க்க ஒரு மேடம் வந்திருந்தார். குரும்பை, மட்டி ஓடு, சோடா மூடி, மாவிலை எல்லாவற்றையும் பாயில் கொட்டி, பெரிசு சின்னது பார்த்துப் பிரிக்கச் சொல்லியிருந்தேன். (புளியங்கொட்டை வைக்கவில்லை. மூக்குக்குள் விட்டுக்கொள்வார்கள். இதுவும் படித்தால்தான் முன்கூட்டியே தோன்றும்.) அதிகம் வாய் திறக்காத ஒரு மகன் மட்டி ஓட்டையும் சோடா மூடியையும் ஒன்றாகக் குவித்து, மிச்சத்தைத் தள்ளிவிட்டான். பக்கத்தில் நின்ற உதவி டீச்சர் "பிழை மனே" என்று கை நீட்டினார். நான் மறித்து, "ஏன் தம்பி இது ரெண்டும் ஒண்டா இருக்கு?" என்று கேட்டேன். அவன் போத்தலைச் சரித்து மூடிக்குள் தண்ணீர் ஊற்றினான், பிறகு மட்டிக்குள். "தண்ணி நிக்கும்." குரும்பையில் ஊற்றிக் காட்டினான், வழிந்து ஓடியது.

மேடம் அன்று எழுதிய குறிப்பில் பாதிக்கு மேல் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். பிள்ளை தானாக வகைப்படுத்தும்போது குறுக்கே போகக்கூடாது என்பதை எனக்குப் பாடநெறிதான் சொல்லித் தந்தது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோர்ஸும் படிக்காமல் அருமையாகப் பிள்ளைகளை நடத்தும் அக்காமாரும் இருக்கிறார்கள், அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் இத்தனையும் படித்துவிட்டு வந்தால் பெற்றோர் கேட்பது "அ, ஆ எழுதப் பழக்கிட்டீங்களா டீச்சர்?" என்பதைத்தான். அது போகட்டும். வருச முடிவில் வரும் விடுகை விழாதான் எனக்கு வயிற்றெரிச்சல். பட்டதாரி மாதிரிக் கறுப்பு அங்கியும் தொப்பியும் வாடகைக்கு எடுக்க, தோட்டம் செய்கிற வீட்டிலும் காசு வாங்க வேண்டும். எட்டரைக்கு விழா என்று போட்டால் பிரதம அதிதி பத்தரைக்கு வருவார். அந்த வெக்கையில் அங்கியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை மூத்திரம் போனால் குற்றம் டீச்சருக்கு. அதிதி பேச்சில் "நாளைய தலைவர்கள்" என்பார், எங்கள் கொடுப்பனவைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

சரி, உங்கள் விசயத்துக்கு வருகிறேன். காசு கட்ட முதல், பக்கத்து முன்பள்ளி ஒன்றில் கேட்டு ஒரு மாதம் உதவியாக நின்று பாருங்கள். பிடித்திருந்தால் சாதாரணதர, உயர்தரப் பெறுபேற்றின் போட்டோ கொப்பியோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். விதிகள் அவ்வப்போது மாறும், என் காலத்துக் கதையை மட்டும் நம்பிப் போக வேண்டாம். போக முன்பு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள், அந்த உத்தியோகத்தர் அதிகமாகக் களத்தில்தான் நிற்பார்.