க்வில்ட் பைண்டிங் நழுவாமல் தைக்க: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

குண்டூசி குத்திக் குத்தி விரலெல்லாம் புண். கிளிப் வாங்கலாமா, எத்தனை வேண்டும்?

தாராளமாக வாங்குங்கள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று க்வில்ட்டில் ஏற்கெனவே மூன்று அடுக்கு, அதோடு ஓரத்தைச் சுற்றி மூடும் இரண்டாக மடித்த பட்டியும் (இதுதான் பைண்டிங்) சேரும்போது குண்டூசி செருகினாலே துணி மேடாகி, பட்டி ஒரு நூல் அளவாவது இடம் மாறிவிடும். கிளிப் வெளியிலிருந்து கவ்வுவதால் அந்தத் தொல்லை இல்லை. க்வில்ட்டுக்கென்றே வரும் சின்ன பிளாஸ்டிக் கிளிப்பில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அது கீழே வருகிற மாதிரி மாட்டினால் மெஷின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஐம்பது, நூறு என்று வாங்க வேண்டாம், பன்னிரண்டு போதும். மூன்று விரல் இடைவெளியில் மாட்டி, தைக்கத் தைக்கக் கழற்றுவதை முன்னால் கொண்டுபோய் மாட்டிக்கொண்டே போங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் ஃபுட்டுக்கு அடியில் போகும் முன் மட்டும் மறக்காமல் கழற்றிவிடுங்கள். அவசரத்தில் ஒரு தடவை நான் விட்டுவிட்டேன், ஊசி ஒடிந்து துண்டு முகத்துக்குப் பக்கத்தில் பறந்தது.

எங்கள் ஊர் கடையில் அந்தக் கிளிப் இல்லை. வேறு வழி?

குழந்தைகள் தலையில் மாட்டும் டிக்டாக் கிளிப். கையால் ஹெம்மிங் செய்பவர்களுக்கு இதுவே மேல் என்பேன், தட்டையாக இருப்பதால் நூல் அவ்வளவாகச் சிக்காது. துருப்பிடித்ததைத் துணியில் போடாதீர்கள், கறை போகாது.

முன்பக்கம் தைத்துவிட்டுப் பின்னால் மடித்து மெஷினில் தைத்தால், அங்கங்கே பட்டியில் தையல் விழாமல் போய்விடுகிறது.

அதிகம் வருகிற கேள்வி இது. கிளிப் மாற்றினால் சரியாகாது, மடிப்பைத்தான் கவனிக்க வேண்டும். 2¼ இஞ்ச் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து கால் இஞ்ச் விட்டுத் தைத்தால், பின்னால் திருப்பும்போது மடிப்பு முதல் தையல் கோட்டைத் தாண்டி ஒரு நூலாவது வர வேண்டும். திருப்பும் முன் முன்பக்கத்தில் பட்டியை வெளிப்பக்கமாகத் தள்ளி அயர்ன் பண்ணிவிடுங்கள், நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் கிளிப் போட்டதும் ஒரு சோதனை: பட்டியும் க்வில்ட்டும் சேரும் பள்ளத்தில் ஒரு குண்டூசியை நேராகக் குத்திப் பின்னால் பாருங்கள். முனை பட்டிக்குள் எட்டிப் பார்த்தால் சரி, வெளியே வந்தால் அந்த இடத்தில் மட்டும் கிளிப்பைக் கழற்றி இன்னும் கொஞ்சம் இழுத்து மடியுங்கள். இதுவும் சலிப்பாக இருந்தால் தலைகீழாகச் செய்யுங்கள், முதலில் பின்பக்கம் தைத்து, முன்னால் மடித்து, மேலிருந்து தைப்பது. தையல் விழும் இடம் கண்ணெதிரில் இருக்கும். அடிக்கடி துவைக்கிற குழந்தை க்வில்ட்டுக்கு நான் எப்போதும் இப்படித்தான் தைக்கிறேன்.

பசை போட்டு ஒட்டித் தைக்கலாமா?

தண்ணீரில் கழுவினால் போகிற பள்ளிக்கூடப் பசை என்றால் போடலாம். மடிப்புக்கு உள்ளே, விளிம்பை விட்டுத் தள்ளி, புள்ளி புள்ளியாக வைத்து, நீராவி இல்லாத அயர்னால் சில விநாடி அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். நிறைய வைத்தால் ஊசியில் பிசுபிசுத்து நூல் அறும். மர வேலைக்கான பசை வேண்டவே வேண்டாம், காய்ந்தால் துவைத்தும் போகாது. பசையே வேண்டாம் என்பவர்கள் வேறு நிற நூலில் பெரிய ஓட்டுத் தையல் போட்டுவிட்டுக் கடைசியில் உருவிவிடலாம். நேரம் பிடிக்கும், ஆனால் வழுக்கும் துணிக்கு அதுபோல ஒன்று இல்லை.

ஓரம் அலை அலையாக வருகிறது.

பட்டியை இழுத்துப் பிடித்துத் தைக்கிறீர்கள், விட்டுவிடுங்கள். வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டுங்கள், மேல் துணியும் கீழ்த் துணியும் ஒன்றாக நகரும். தையல் நீளம் 3 மி.மீ. வையுங்கள். நேர் ஓரத்துக்கு நேர் பட்டியே போதும், வளைவு இருந்தால் மட்டும் கிராஸ் பட்டி, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக, வெட்டுங்கள்.

மூலை மொத்தையாக நிற்கிறது, கிளிப்பும் நழுவுகிறது.

முன்பக்கம் மடிப்பு எந்தத் திசையில் விழுந்திருக்கிறதோ, பின்பக்கம் அதற்கு எதிர்த் திசையில் மடியுங்கள். கனம் இரண்டு பக்கமும் பிரிந்துவிடும். மூலையில் மட்டும் கிளிப்பை நம்பாமல் கையால் மூன்று தையல் போட்டுவிட்டு மெஷினுக்குக் கொண்டுபோங்கள்.