மினிக்கு ரப்பரா, அலுமினியமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 1978ஆம் ஆண்டு மினி 1000 கார் இருக்கிறது. 998 சி.சி. எஞ்சினை எடுத்துவிட்டு 1275 போட்டிருக்கிறேன். சக்கரங்களையும் 10 அங்குலத்திலிருந்து 13 அங்குலமாக மாற்றினேன். கடுகண்ணாவ வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் சற்றுத் தயங்கித்தான் திரும்புகிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமை உடலோடு இணைக்கும் ரப்பர் மவுண்ட்களைக் கழற்றிவிட்டு முன்னும் பின்னும் அலுமினிய மவுண்ட் போடச் சொல்கிறார் கராஜ்காரர். என் மனைவி தினமும் வேலைக்குப் போவது இந்தக் காரில்தான். சத்தம் கூடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. – வாசகர், கண்டி

பதில்: முன்பக்கம் போடலாம் தம்பி, பின்பக்கம் வேண்டாம். ஆனால் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் அந்த ‘டொக்’ எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடியுங்கள். மினியில் அந்தச் சத்தத்துக்கு உரிமை கொண்டாடப் பல பேர் இருக்கிறார்கள். சப்ஃபிரேமின் முன்முனைக்கும் சஸ்பென்ஷனின் கீழ்க்கைக்கும் நடுவில் ஓடும் டை ராடின் புஷ் (ரப்பர் வளையம்) தேய்ந்திருந்தாலும் பிரேக் பிடிக்கும்போது இப்படித்தான் கேட்கும். எஞ்சின் மேல்பகுதியை உடலோடு பிணைக்கும் ஸ்டெடி பாரின் புஷ் போயிருந்தால் கிளட்ச் விடும்போதும் கேட்கும். 1275 போட்டவர்கள் இந்தப் புஷ்ஷை மறந்துவிடுவது வழக்கம். பழைய புஷ், புது எஞ்சினின் முறுக்கத்தை எத்தனை நாள் தாங்கும்?

இவை நன்றாக இருந்தால் மவுண்ட்களுக்கு வாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் பிரேக் மிதியை அழுத்திக்கொண்டு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் காரை முன்னும் பின்னும் தள்ளட்டும். நீங்கள் பானெட்டைத் திறந்து, சப்ஃபிரேமில் இருபுறமும் மேலெழும் கோபுரங்கள் உடலோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். ஃபிரேம் ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமும் அசைந்தால் ரப்பர் செத்துவிட்டது. மினியின் ஏ சீரிஸ் எஞ்சின் எண்ணெய் கசியாமல் இருப்பது அபூர்வம். அந்த எண்ணெய் குடித்த ரப்பர் ஊதி, மெத்தென்று ஆகிவிடும்.

இப்போது, ஏன் முன்பக்கம் மட்டும் என்ற விஷயம். மினியில் சஸ்பென்ஷன் கைகள் சப்ஃபிரேமில் இருக்கின்றன. சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராக்கோ ‘யூ’ போல்ட்களால் காரின் தரைத் தகட்டில் இறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஃபிரேம் நகர்ந்தால் சக்கரங்கள் நகரும், ராக் நகராது. நீங்கள் கையால் திருப்பாமலே சக்கரம் சிறிது திரும்பிக்கொள்ளும். நீங்கள் திருப்பும்போதோ முதலில் ரப்பர் அமுங்கி, பிறகுதான் கார் வளையும். நீங்கள் சொல்லும் தயக்கம் இதுவாக இருக்கலாம். அகலமான டயரும் பெரிய எஞ்சினும் அந்த ரப்பரை இன்னும் அதிகமாக இழுக்கின்றன. அலுமினியம் போட்டால் ராக்கும் கைகளும் ஒரே உடம்பாகிவிடும்.

பின்பக்கத்தில் ராக்கும் இல்லை, எஞ்சினும் இல்லை. 1959இல் முதல் மினி வந்தபோதே பின் ஃபிரேமை ரப்பரில்தான் தொங்கவிட்டார்கள். அங்கே அலுமினியம் போட்டால் சாலையின் ஒவ்வொரு கல்லும் பின் இருக்கைக்கு அடியில் முழங்கும். காருக்குள் இருப்பது வெறும் தகட்டுப் பெட்டி, மத்தளம் மாதிரி. பந்தயத்துக்குப் போகிறவர் போடட்டும். உங்கள் மனைவி வேலைக்குப் போகிற காருக்குப் புதிய ரப்பரே போதும்.

முன்பக்கத்திலும் சத்தம் அதிகரிக்காது என்று நான் சொல்லமாட்டேன். மினியின் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியிலேயே, ஒரே எண்ணெயில் கிடக்கிறது. அதன் கியர்கள் போடும் ஊளை இதுவரை ரப்பரில் பாதி மடிந்துபோனது. இனி முழுதாகக் கேட்கும். 1976இல் முன் ஃபிரேமுக்கும் ரப்பர் வைத்ததே இதைக் குறைக்கத்தான். எதைத் தேர்ந்தாலும் ஒரே ஃபிரேமில் கலப்படம் செய்யாதீர்கள். கோபுரத்தில் மட்டும் அலுமினியம், மற்ற இடங்களில் ரப்பர் என்றால் கெட்டியான இடமே எல்லாச் சுமையையும் வாங்கும்.

பொருத்தும்போது எல்லா போல்ட்களையும் முதலில் கையால் முடுக்குங்கள். துளைகள் நேராக வரவில்லை என்றால் கடப்பாரையால் நெம்ப வேண்டாம். எப்போதோ முட்டிய காராக இருக்கும். குறுக்குமூலை அளவெடுத்துப் பாருங்கள். ரப்பர் அந்தக் கோணலை மன்னித்துக்கொண்டிருந்தது, அலுமினியம் மன்னிக்காது. தரைத் தகட்டில் துரு இருந்தால் முதலில் வெல்டிங். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிவிட்டு, அலைன்மென்ட் பாருங்கள். மினியின் முன் சக்கரங்கள் 1/16 அங்குலம் வெளிநோக்கி இருக்க வேண்டும். எல்லாக் காருக்கும் உள்நோக்கி வைத்துப் பழகிய கடைக்காரரிடம் இதை இரண்டு தரம் சொல்லுங்கள்.

கேள்வி: என் மினி 1967இல் வந்தது. எனக்கும் முன்பக்க அலுமினிய மவுண்ட் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? – வாசகர், நீர்கொழும்பு

பதில்: யார் சொன்னாரோ அவருக்கு விற்க ஏதோ மிஞ்சியிருக்கிறது. 1976க்கு முந்திய மினிகளின் முன் ஃபிரேம் கோபுரம், தொழிற்சாலையிலேயே இரும்போடு இரும்பாக இறுக்கப்பட்டது. மோன்டி கார்லோ ராலியில் 1964இல் பேடி ஹாப்கிர்க்கும், 1965இல் டிமோ மாகினனும், 1967இல் ரௌனோ ஆல்டனனும் ஜெயித்த கார்கள் அந்தக் காலத்தவைதான். உங்கள் காரில் பிற்காலத்து ஃபிரேமை யாராவது மாற்றிப் போட்டிருந்தால் மட்டும் யோசிக்கலாம். அதை முதலில் பாருங்கள், இரண்டு காலத்து மவுண்ட்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

கேள்வி: பின் ஃபிரேமுக்கு பாலியூரித்தேன் புஷ் போட்டேன். ‘கீச் கீச்’ என்று கத்துகிறது. கிரீஸ் தடவினால் ஒரு வாரம் அடங்கி, மறுபடி தொடங்குகிறது. – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சாதாரண பேரிங் கிரீஸைத் தடவியிருப்பீர்கள். அதற்கு சிலிக்கோன் கிரீஸ்தான் வேண்டும். கழற்றி, உலோகம் உரசும் முகங்களைத் துடைத்து, தாராளமாகப் பூசிப் பூட்டுங்கள். பக்கத்தில் இயற்கை ரப்பர் இருந்தால் பழைய கிரீஸ் அதில் படாமல் துடைத்துவிடுங்கள், அது ரப்பரைத் தின்றுவிடும். பாலியூரித்தேன், ரப்பரைவிடக் கெட்டி, அலுமினியத்தைவிட மெத்து. தெருவில் ஓடும் காரின் பின்பக்கத்துக்கு எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு, கழற்றிய கையோடு பின் ஃபிரேமின் அடிப்பக்கத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அது உள்ளே போனால் புஷ்ஷை எடுத்து வைத்துவிட்டு, புது ஃபிரேம் எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்குங்கள்.