பெட்ரோல் செலவு: தூரம் குறைந்த வழியா, நெரிசல் குறைந்த வழியா?

கேள்வி: நான் சேலையூரிலிருந்து சோழிங்கநல்லூருக்கு மாதம் 22 நாள் காரில் அலுவலகம் செல்கிறேன். மேடவாக்கம் வழியே 16 கி.மீ., ஆனால் 65 நிமிடம் ஆகிறது. சித்தாலப்பாக்கம் வழியே 19 கி.மீ., 50 நிமிடத்தில் போய்விடலாம். சுற்றிப் போனால் பெட்ரோல் வீண் என்கிறார் அதே ஊருக்கு வேலைக்குச் செல்லும் எங்கள் அடுக்ககத்து நண்பர். இது தவிர, பதினோராம் வகுப்பு படிக்கும் மகளை வாரம் மூன்று நாள் மாலையில் 6 கி.மீ. தள்ளி குரோம்பேட்டையில் டியூஷனுக்கு விட்டுவிட்டு வீடு திரும்பி, மீண்டும் போய் அழைத்து வருகிறேன். பெட்ரோலுக்கு மட்டும் மாதம் சுமார் 10,500 ரூபாய் ஆகிறது. பழைய காரைக் கொடுத்துவிட்டு, 4 லட்சம் ரூபாய் கடன் வாங்கி சிஎன்ஜி கார் எடுக்கலாமா? கிரெடிட் கார்டில் 38,000 ரூபாய் பாக்கி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: கார் மாற்றும் யோசனையைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, இந்த 10,500 ரூபாய் எங்கே போகிறது என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்றும், உங்கள் கார் நெரிசலில் லிட்டருக்கு 12 கி.மீ. தருகிறது என்றும் வைத்துக்கொண்டால், அலுவலகப் பயணத்தின் 704 கி.மீ.க்குச் சுமார் 5,925 ரூபாய் ஆகும். டியூஷனுக்காக ஒரு நாளில் நான்கு நடை, 24 கி.மீ.; மாதம் 13 நாள் என்றால் 312 கி.மீ. குறுகிய ஓட்டங்களில் மைலேஜ் இன்னும் இறங்கும் என்பதால் அதை 10 என்று எடுத்துக்கொண்டால் சுமார் 3,150 ரூபாய். மீதி ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களுக்கும் கடைகண்ணிக்கும் போகிறது.

வழியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு ஒரு சிறிய கணக்கு போதும். 16 கி.மீ.க்கு லிட்டருக்கு 12 கிடைக்கிறது என்றால், 19 கி.மீ. வழியில் 14.25-க்கு மேல் கிடைத்தால்தான் பெட்ரோல் மிச்சம். மேடவாக்கம் சந்திப்பில் ஏசி ஓட, நின்று நின்று ஊரும் கார் ஓர் அடி நகராதபோதும் எரிபொருளைக் குடித்துக்கொண்டேதான் இருக்கிறது. மெட்ரோ ரயில் பணிகள் அந்தப் பக்கத்துச் சாலைகளில் நடந்துவரும் காலத்தில் இது இன்னும் கூடும். ஆகவே, சுற்றுவழியில் 15 கிடைப்பது நடக்கக்கூடியதே. அப்படிக் கிடைத்தால் ஒரு நடைக்கு 135 ரூபாய் 128 ஆகும். 44 நடைக்குச் சுமார் 300 ரூபாய் மிச்சம். மாதம் கூடுதலாக ஓடும் 132 கி.மீ.யின் டயர் தேய்மானத்தையும் சர்வீஸ் செலவையும் கழித்தால் கையில் நிற்பது சொற்பம். நண்பர் சொல்வது போல அது வீணான வழி இல்லை. ஆனால் பெரிய சேமிப்பும் அதில் இல்லை. மாதம் 11 மணி நேரம் வீட்டாருக்குக் கிடைக்கிறது என்பதற்காக அந்த வழியில் போங்கள் என்றே நான் சொல்வேன்.

உண்மையான மைலேஜை அறிய, ஒரே பங்க்கில் டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, இரண்டு வாரம் ஒரே வழியில் அலுவலகத்துக்கு மட்டும் ஓட்டி, மறுபடி நிரப்பும்போது பிடித்த லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்துப் பாருங்கள். பிறகு அடுத்த வழிக்கும் அப்படியே செய்யுங்கள். கூகுள் மேப்ஸில் பச்சை இலைக் குறியோடு காட்டப்படும் வழி எரிபொருள் குறைவாகச் செலவாகும் என்று மதிப்பிடப்பட்ட வழிதான் என்றாலும், உங்கள் காரின் கணக்கு உங்கள் டேங்க்கில்தான் இருக்கிறது.

பெரிய தொகை டியூஷனுக்கான அந்த நான்கு நடையில் இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே மகள் தோழிகளோடு தாம்பரத்திலிருந்து புறநகர் ரயிலில் குரோம்பேட்டைக்குப் போய்விட்டால், இரவில் அழைத்துவர மட்டும் கார் போதும். அது ஒத்துவராவிட்டால், விட்டுவிட்டு அங்கேயே வாரத்துக்கான மளிகை, மருந்து வேலைகளை முடித்துக்கொண்டு காத்திருங்கள். எப்படியானாலும் 24 கி.மீ. 12 ஆகிறது, மாதம் சுமார் 1,575 ரூபாய் மிஞ்சுகிறது. இந்த வேலைகளை வரிசைப்படுத்தும்போது இடப்பக்கம் திரும்பியே சென்றுவரும்படி அமைத்துக்கொள்வது நல்லது. சாலையின் வலப்பக்கம் வண்டி ஓட்டும் அமெரிக்காவில், யுபிஎஸ் என்ற பார்சல் நிறுவனம் எதிர்வரும் வண்டிகளுக்காகக் காத்து நிற்க வைக்கும் இடத்திருப்பங்களை இயன்றவரை தவிர்த்தே தன் வண்டிகளுக்கு வழி வகுக்கிறது. சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நமக்கு அதற்கு ஈடானது, தாம்பரம், குரோம்பேட்டை வழியே போகும் ஜிஎஸ்டி சாலையின் வலத்திருப்பமும் யூ-டர்னும்.

அடுத்து, அந்த நண்பரே உங்கள் மிகப் பெரிய சேமிப்பு. ஒரு வாரம் உங்கள் கார், ஒரு வாரம் அவர் கார் என்று மாறி மாறிச் சென்றால் 5,925 ரூபாயில் பாதி, அதாவது சுமார் 2,960 ரூபாய் குறையும். பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிச் செல்லும் ஏற்பாடு மட்டும் வேண்டாம். சொந்தக் காருக்கான காப்பீடு வாடகைப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது என்பதால், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டில் சிக்கல் வரும். முறைவைத்து ஓட்டுவதில் அந்தப் பேச்சே எழாது.

இவ்விரண்டிலும் சேர்த்து 4,500 ரூபாய் குறைந்து, பெட்ரோல் செலவு 6,000 ரூபாய்க்கு அருகே வந்துவிடும். இப்போது சிஎன்ஜி காரைப் பாருங்கள். 4 லட்சம் ரூபாய்க்கு 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 8,300 ரூபாய். வட்டி மட்டும் 98,000 ரூபாய். எரிபொருள் செலவு பாதியாகிறது என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சமாவது 3,000 ரூபாய்தான். இன்றைய 10,500 ரூபாய்க்குக் கணக்கிட்டாலும் 5,250 ரூபாயைத் தாண்டாது. பழைய கார் நல்ல நிலையில் ஓடும்வரை இந்தக் கடன் வேண்டாம்.

மிஞ்சும் 4,500 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் விட்டுவைக்காமல், சம்பளம் வந்த அன்றே கிரெடிட் கார்டு பாக்கிக்கு, இப்போது கட்டும் தொகையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 38,000 ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கு 1,330 ரூபாய் போகிறது. சுற்றுவழியில் மிஞ்சும் 300 ரூபாயைப் போல நான்கு மடங்குக்கு மேல் அது. அந்தப் பாக்கி தீரும்வரை பெட்ரோலுக்கு அந்தக் கார்டைத் தேய்க்காமல், டெபிட் கார்டிலோ ரொக்கமாகவோ கொடுங்கள்.