ராஜினாமா கடிதம் மேஜை டிராயரில் இருக்கிறது

கேள்வி: 22 ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். வயது 47. தோழியின் கணவர் ரியல் எஸ்டேட் நிறுவனம் நடத்துகிறார். "உங்கள் பேச்சுத் திறமைக்கு இந்தத் தொழிலில் பிய்த்து உதறிவிடுவீர்கள்" என்று என்னை ஏஜென்டாகச் சேரச் சொல்கிறார். எனக்கும் ஆசைதான். ராஜினாமா கடிதம்கூட எழுதி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். வீட்டிலோ, "டீச்சராக இருந்துவிட்டு புரோக்கர் ஆகப் போகிறாயா?" என்கிறார்கள். என்னால் முடியுமா? மாணவர்களின் பெற்றோரிடம் தொழில் பேசுவது தவறா?

பதில்: முடியும் டீச்சர். ஆனால் தோழியின் கணவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. பேசத் தெரிந்தவர்கள் அந்தத் தொழிலில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள். "புரிந்ததா?" என்று கேட்டதும் வகுப்பே தலையாட்டும்போது, யார் புரியாமல் ஆட்டுகிறார்கள் என்று கண்டுபிடிப்பீர்களே, உங்கள் மூலதனம் அதுதான்.

வீடு பார்க்க ஒரு குடும்பம் வருகிறது என்று வையுங்கள். கணவர் அலமாரிகளைத் திறந்து மூடி, "பிரமாதம்" என்கிறார். மனைவி மாடிப்படியின் கீழே நின்று மனதுக்குள் படிகளை எண்ணுகிறார். மூட்டுவலிக்காரரான மாமியார் கைப்பிடியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்க்கிறார். படுக்கையறைகள் எல்லாம் மேலே. அவசரக்கார ஏஜென்ட் கணவரிடம் விலை பேசத் தொடங்குவார். நீங்கள் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பழகியவர். "கீழேயே படுக்கையறை இருக்கிற மாதிரி வேறு பார்க்கலாமா?" என்று அந்த மருமகளிடம் கேட்பீர்கள். அப்புறம் அந்தக் குடும்பம் உங்களை விடாது.

கணக்கு டீச்சர் வேறு. 8 சதவிகித வட்டியில் 20 ஆண்டுக்கு வீட்டுக்கடன் வாங்கினால், முதல் தவணையில் ஏறக்குறைய 80 சதவிகிதம் வட்டிக்கே போய்விடும். கடன் வாங்கியவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. ஒரு தாளில் போட்டுக் காட்ட உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும்.

இப்போது கசப்பான பகுதி. பள்ளியில் பையன் பெயிலானாலும் உங்களுக்குச் சம்பளம் வரும். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. வீடு காட்டி, விலை படிந்து, அட்வான்ஸ் கைமாறி, பத்திரங்களைச் சரிபார்த்து, வங்கிக் கடன் கிடைத்து, விற்பனை முடிந்தால்தான் கமிஷன். அதற்குள் கடன் மறுக்கப்படலாம், பத்திரத்தில் வில்லங்கம் வரலாம், இல்லை விற்பவர் மனம் மாறலாம். அன்றோடு பல மாத உழைப்பு போச்சு. வந்த கமிஷனிலும் நிறுவனத்துக்கு ஒரு பங்கு, போக்குவரத்துக்கும் விளம்பரத்துக்கும் ஒரு பங்கு. சம்பளத்தில் பிடித்துவிடுகிற மாதிரி வரியை யாரும் பிடிக்காவிட்டால் நீங்களே எடுத்து வைக்க வேண்டும். குறைந்தது ஓராண்டு வீட்டுச் செலவு கையில் இல்லாமல் இறங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் மாலை நேரமும் இனி உங்களுடையதில்லை. மற்றவர்களுக்கு வீடு பார்க்க ஓய்வு கிடைப்பது அப்போதுதான்.

புரோக்கர் என்ற சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்ததும் இந்தக் கமிஷன் கணக்கால்தான். மூன்று மாதமாக ஒரு வருமானமும் இல்லை. ஒரு பார்ட்டி ஆசையோடு நிற்கிறது. மழை பெய்தால் அந்த வீட்டின் பின்சுவர் ஊறும் என்று உங்களுக்குத் தெரியும். சொல்வீர்களா? வீட்டாரின் கேள்விக்கு அந்த நாளில் நீங்கள் சொல்லும் பதில்தான் பதில். இப்போது என்னிடம் "சொல்வேன்" என்பது சுலபம்.

பெற்றோர் விஷயம். படித்து முடித்துப் போன பிள்ளைகளின் பெற்றோரிடம் தாராளமாகப் பேசுங்கள். தற்போது உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் பெற்றோரிடம் வேண்டவே வேண்டாம். அவர்களால் "வேண்டாம் டீச்சர்" என்று வாய் திறந்து சொல்ல முடியாது. பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் தொலைபேசி எண்களையும் தொடாதீர்கள், அவை உங்களை நம்பிக் கொடுத்தவை அல்ல. யாரிடம் பேசினாலும், நீங்கள் விற்பவர் பக்கமா வாங்குபவர் பக்கமா, கமிஷன் யார் தருகிறார் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் உங்களிடம்தான் அதிகம் வருவார்கள்.

அடுத்த விடுமுறையில் தோழியின் கணவரிடம் சொல்லி, அனுபவமுள்ள ஒரு ஏஜென்டின் பின்னாலேயே சில வாரம் சுற்றிப் பாருங்கள். வேடிக்கை மட்டும் பாருங்கள், பணம் வாங்காதீர்கள். லைசென்ஸோ பதிவோ இல்லாமல் கமிஷன் வாங்குவது பல இடங்களில் குற்றம். வேலையில் இருந்துகொண்டே இன்னொரு தொழில் செய்யப் பள்ளி விதியும் இடம் தராமல் இருக்கலாம். இன்னும் எத்தனை ஆண்டு இருந்தால் முழு ஓய்வூதியம் என்பதையும் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சில மாத வித்தியாசத்தில் அதைக் கோட்டைவிட்டால் எந்தக் கமிஷனும் ஈடுகட்டாது.

அதுவரை டிராயரில் இருக்கும் கடிதம் அங்கேயே இருக்கட்டும். தேதி போட்டிருந்தால் மட்டும் அடித்துவிடுங்கள்.